எங்கள் ஊர் கண் முகாம்: அத்தையைக் கூட்டிக்கொண்டு போய்வந்த அனுபவம்

அத்தைக்கு இடது கண்ணில் புரை எடுத்து இன்றோடு 42 நாள். சொட்டு மருந்தும் முடிந்துவிட்டது. என் தையல் கடைக்கு ஜாக்கெட் கொடுக்க வருகிறவர்கள் அளவு சொல்வதற்கு முன்னால் இதைத்தான் கேட்கிறார்கள்: "முகாம்ல பண்ணினா நல்லா இருக்குமா? நம்பி அனுப்பலாமா?" மாமனார், மாமியார், தாத்தா, பாட்டி என்று எல்லார் வீட்டிலும் ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட நடந்ததை ஒருதடவை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் விவரம். இது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் இலவச முகாம். உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிற எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில், மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. டாக்டர்களும் கருவிகளும் மருத்துவமனையிலிருந்து வரும். இடம் பிடிப்பது, பந்தல், விளம்பரம், சாப்பாடு, ஆட்களைத் திரட்டுவது எல்லாம் உள்ளூர்க்காரர்கள் பொறுப்பு. எங்கள் ஊரில் வியாபாரிகள் சங்கம் முன்னால் நின்றது. ஒரு அரிசி ஆலைக்காரர், மகளிர் சுயஉதவிக் குழுக்கள், ஆட்டோ ஸ்டாண்ட், பக்கத்துக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் என்று மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அறுவை சிகிச்சை, கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ், மருந்து, மதுரையில் தங்குவது, சாப்பாடு, போகவர பஸ் எதற்கும் காசு வாங்கவில்லை. எங்கள் கையை விட்டு ஆன செலவு நான் மதுரைக்குப் போய்ப் பார்த்துவந்த பஸ் டிக்கெட்டும் ஒரு டீயும்தான்.

மதிப்பெண் கேட்டால், வைத்தியத்துக்கு ஐந்துக்கு ஐந்து. ஏற்பாட்டுக்கு நான்கு. ஒன்று எங்கே குறைந்தது என்பதையும் சொல்கிறேன்.

அத்தைக்கு 71 வயது. பூக்கட்டுவதுதான் அவர் வேலை. விடியற்காலையில் பூக்காரம்மா உதிரி மல்லியை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போவார். வெயில் ஏறுவதற்குள் அது சரமாக வேண்டும். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர்த்து நாரைச் சுற்றி ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு கண்ணி. அத்தையின் கை பார்க்காமலே இதைச் செய்யும். அதனால்தான் அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருவது எங்களுக்கு வெகுநாள் தெரியாமல் போனது. விரல் எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளும், நிறத்தை எப்படிப் பார்க்கும்? பழுப்பு விழுந்த மொட்டும் நல்ல மொட்டும் விரலுக்கு ஒன்றுதான். பழுப்புப் பூ சரத்துக்குள் வர ஆரம்பித்தது. பூக்காரம்மா சரத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் பையில் போட்டுக்கொள்வார். அப்புறம் கொடுக்கிற பூவின் எடை குறைந்தது. கடைசியில் கதம்பத்துக்கு மரிக்கொழுந்து ஆய்கிற வேலை மட்டும்தான் வீட்டுக்கு வந்தது. அத்தை இதைப்பற்றி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் மரிக்கொழுந்துக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். ஐந்து நிமிடம் பார்த்தார்கள். ஒரு கண்ணுக்கு 28,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்து, இந்த வாரமே செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்கள். பணம் இல்லை என்பது ஒரு பக்கம். அத்தைக்குப் பயம் பிடித்துக்கொண்டதுதான் பெரிய நஷ்டம். ஏற்கெனவே அவருக்குள் ஒரு பயம் உண்டு. அவருடைய அம்மாவுக்குப் புரை எடுத்தது சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்பிய காலத்தில். கண்ணாடியைக் கழற்றினால் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடப்பாராம். அந்தக் காலத்தில் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், ஏழைக்கு எட்டாத விலை. 1992இல் அரவிந்தைச் சேர்ந்த ஆரோலேப் மதுரையிலேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகுதான் அது முகாமுக்கு வருகிற கூலிக்காரர் கண்ணுக்கும் கிடைத்தது. இதையெல்லாம் நான் எவ்வளவு சொன்னாலும் அத்தைக்கு நினைவில் இருப்பது அம்மா தடவிய சுவர்தான். "இருக்கிற வெளிச்சம் போதும்தா" என்று சொல்லிவிட்டார். இரண்டு வருடம் அப்படியே போனது.

முகாமுக்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு பேர் வாசலுக்கு வந்தார்கள். ஒருவர் எங்கள் தெரு மகளிர் குழுத் தலைவி. கையில் நோட்டு வைத்துக்கொண்டு வீடு வீடாக 50 வயது தாண்டியவர்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். பகலில் அவர் கடலைக்காட்டு வேலைக்குப் போகிறவர், பொழுது சாய்ந்த பிறகுதான் இந்த நடை. இன்னொருவர் மேலத்தெருப் பெரியவர். மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர். மூன்று வருடம் முன்னால் இதே மாதிரி முகாமில் இரண்டு கண்ணும் செய்துகொண்டு, அதிலிருந்து ஒவ்வொரு முகாமுக்கும் ஆள் சேர்க்கிற வேலையைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டவர்.

அத்தை வழக்கம்போல "எனக்கெல்லாம் வேணாண்ணே" என்றார். பெரியவர் வாதாடவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். எங்கள் வீட்டுச் சாமி படத்துக்கு அத்தை கட்டிவைத்திருந்த ஒரு முழம் மல்லியைக் கேட்டு வாங்கி, கண்ணி கண்ணியாகத் தள்ளிப் பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, "தங்கச்சி, இங்க ஒரு மொட்டு தலைகீழா இருக்கு. இங்க ரெண்டு பழுத்திருக்கு. எனக்குத் தெரியுது. மூணு வருசத்துக்கு முன்னாடி எனக்கு இது பூவுன்னே தெரியாது" என்றார். அத்தை அந்தச் சரத்தை வாங்கி அவர் காட்டிய இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். தலைகீழ் மொட்டு விரலில் பட்டது. நாற்பது வருடமாகப் பூக்கட்டியவருக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று எனக்குத் தெரியும். கொஞ்சநேரம் கழித்து, "கத்தி வச்சு அறுப்பாகளாண்ணே? வலிக்குமா?" என்று கேட்டார். "ஊசி போடுறப்ப சுருக்குன்னு இருக்கும். பெறகு ஒண்ணும் தெரியாது. தலைக்கு ஊத்தத்தான் சில நாள் விடமாட்டாக, அதுதான் கஷ்டம்" என்றார். குழுத் தலைவி அந்த இடத்திலேயே நோட்டில் பெயரை எழுதிவிட்டார். நாங்கள் இரண்டு வருடமாகச் செய்ய முடியாததை அந்தப் பெரியவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் செய்தார்.

முகாம் அன்று காலை 7 மணிக்கே ஆட்டோ வந்துவிட்டது. நடக்கமுடியாதவர்களை ஏற்றிவரவென்று ஸ்டாண்டில் இருந்த ஆட்டோக்கள் எல்லாம் அன்றைக்குச் சவாரியை விட்டுவிட்டு ஓடின. பெட்ரோலுக்கு மட்டும் சங்கத்தில் கொடுத்தார்களாம். பள்ளி வாசலில் கல்லூரிப் பிள்ளைகள் மேசை போட்டுப் பெயர் பதிந்து சீட்டுக் கொடுத்தார்கள். பள்ளிக்கூட வராந்தாவுக்கு ஏற மூன்று படி. அந்தப் படியில் ஒரு பையன் நின்றிருந்தான். ஒவ்வொருவர் கையையும் எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு, "மூணு படி இருக்கு பாட்டி. ஒண்ணு... ரெண்டு... மூணு... இப்ப சமதரை" என்று சொல்லி ஏற்றிவிடுவான். திரும்ப வந்து அடுத்தவர். நாங்கள் ஏறும்போதே அவன் குரல் கம்மியிருந்தது. மதியம் நாங்கள் இறங்கும்போது காற்றுதான் வந்தது. அப்போதும் "ஒண்ணு, ரெண்டு" விடவில்லை. தண்ணீர் குடிக்கச் சொன்னேன். சிரித்துவிட்டு அடுத்த தாத்தாவின் கையைப் பிடித்தான்.

உள்ளே ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒரு பரிசோதனை. படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்துக்குப் பதில் மூன்று விரல் மாதிரி ஒரு குறி இருக்கிற அட்டை. விரல் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று கையால் காட்டினால் போதும். அத்தை முதல் குறியைத் தாண்டவில்லை. அப்புறம் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கண்ணின் அழுத்தம் பார்த்தார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்தார்கள். கண்ணோரத்து ஓட்டையில் மெல்லிய குழாயால் தண்ணீர் விட்டு, "தொண்டைக்கு வருதா பாட்டி, உப்புக் கரிக்குதா?" என்று கேட்டார்கள். கண்ணீர்ப் பை அடைத்திருந்தால் அறுவைக்குப் பிறகு கண்ணில் சீழ் பிடிக்கலாமாம், அதற்காக. இதையெல்லாம் செய்த சிஸ்டர்கள் முக்கால்வாசிப் பேர் கிராமத்துப் பெண்கள். பிளஸ் டூ முடித்தவர்களை மருத்துவமனையே எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறது. அவர்கள் பேச்சிலேயே அது தெரிந்தது. அத்தையிடம் ஒரு சிஸ்டர் "எந்த ஊருப் பூவு பாட்டி கட்டுவீக?" என்று கேட்டதும், சர்க்கரை பார்க்க ஊசி குத்தியதுகூட அத்தைக்கு உறைக்கவில்லை.

கடைசியில் டாக்டர் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை, இடது கண்ணில் முற்றிவிட்டது, அதை முதலில் செய்துவிடலாம் என்றார். இடது புருவத்துக்கு மேலே ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்கள். கண் மாறிப்போகாமல் இருக்க அடையாளம்.

இப்போது குறைந்த அந்த ஒரு மதிப்பெண். 8 மணிக்குத் தொடங்கவேண்டிய பரிசோதனை ஒன்பதேகாலுக்குத்தான் தொடங்கியது. மேடைதான் காரணம். டாக்டர்கள் வந்து கருவிகளை வைத்துத் தயாராகிவிட்டார்கள். ஆனால் தலைமை தாங்க வேண்டியவர் வரவில்லை, வந்த பிறகு பேச்சு, பேச்சுக்குப் பிறகு பொன்னாடை. பந்தல் நிழல் பாதிப் பேருக்குத்தான் இருந்தது, மீதிப் பேர் வெயிலில். சர்க்கரை பார்ப்பார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வெறும் வயிற்றோடு வந்த கிழவிகள் இரண்டு பேர் மயக்கமாகச் சாய்ந்துவிட்டார்கள். அரிசி ஆலைக்காரர்தான் அதைப் பார்த்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார். மதியத்துக்குச் சமைக்க வந்திருந்த ஆட்களிடம் சொல்லி, பக்கத்துக் கடையில் இருந்த இட்லியை எல்லாம் வாங்கிவந்து பரிமாறச் சொன்னார். பொன்னாடை போர்த்தும்போது அவர் பெயரைக் கூப்பிட்டார்கள், ஆள் அங்கே இல்லை. இட்லி வாளியோடு பந்தலுக்குள் இருந்தார்.

அந்த மேடையில் பெயர் வராத ஒருவரைப் பற்றி நான் இங்கே சொல்லியே ஆகவேண்டும். பள்ளிக்கூடத்துத் துப்புரவுப் பணியாளர் அக்கா. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை இல்லை. சனிக்கிழமை இரவே வந்து வகுப்பறைகளைப் பெருக்கி, பெஞ்சுகளை ஓரம் தள்ளி வைத்திருக்கிறார். காலையில் மோட்டார் ஓடவில்லை, கழிப்பறையில் தண்ணீர் இல்லை. வயதானவர்கள், அதிலும் சர்க்கரைக்காரர்கள், அரைமணிக்கு ஒருதடவை போகவேண்டியவர்கள். அந்த அக்கா தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டே இருந்தார். கண் தெரியாத பாட்டிகளை உள்ளே கூட்டிப்போய், வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, சேலையைச் சரிசெய்துவிட்டுக் கூட்டிவந்தார். அத்தையையும் இரண்டு தடவை கூட்டிப்போனார். நான் நன்றி சொன்னதற்கு, "எங்காத்தாவுக்கும் இப்பிடித்தான்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த குடத்துக்குப் போய்விட்டார். சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த முகாமில் பேச்சை மாலையில் வையுங்கள், பொன்னாடையை அந்த அக்காவுக்குப் போர்த்துங்கள். கழிப்பறைத் தண்ணீருக்கு முந்தின நாளே வழிசெய்யுங்கள். ஊர்க் கடைசியில் இருக்கிற காலனிக்கு ஆட்டோ அறிவிப்புப் போகவில்லை என்று அங்கிருந்து வந்தவர் சொன்னார். அதையும் கவனியுங்கள்.

மதியம் தக்காளிச் சாதமும் தயிர்ச் சாதமும். பிறகு மருத்துவமனை பஸ். அறுவைக்குத் தேர்வானவர்கள் ஒரு பஸ் நிறைய இருந்தார்கள். அன்றைக்கே ஏற்றிக்கொண்டு போய்விடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. வீட்டுக்குப் போய் நாளைக்கு வாருங்கள் என்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள். ராத்திரி ஒரு பயம் வரும், பஸ்ஸுக்குக் காசு இருக்காது, கூடப்போக ஆள் இருக்காது. மேலத்தெருப் பெரியவர் பஸ்ஸுக்குள் ஏறி ஒவ்வொருவர் மடியிலும் இருந்த பையைத் திறந்து மாற்றுத்துணி, மாத்திரை, சீட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். அத்தை வாழ்க்கையில் எங்களில் யாரும் இல்லாமல் வெளியூரில் தங்கியதில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் குரல் வந்த பக்கமே முகத்தை வைத்திருந்தார். பஸ் நகரும்போது உள்ளே யாரோ குலவை போட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை நான் மதுரைக்குப் போனேன். இலவசப் பிரிவு தனிக் கட்டடம். எங்கள் ஊர் ஆட்கள் ஒன்றாகவே இருந்தார்கள், பாய் விரித்து வரிசையாக. அன்று காலைதான் கட்டைப் பிரித்திருந்தார்கள். அத்தை என்னைப் பார்த்ததும், "ஏத்தா, இம்புட்டு மெலிஞ்சுட்ட?" என்றார். நான் மெலிந்து நான்கு வருடம் ஆகிறது. பக்கத்துப் பாய் அம்மாவோடு இரண்டு நாளாக உட்கார்ந்து கதை பேசியிருக்கிறார். அவர் மூக்குத்தியின் சிவப்புக் கல்லை அன்று காலைதான் பார்த்தாராம். அதையே மூன்று தடவை சொன்னார்.

இந்த மருத்துவமனை ஆரம்பித்த கதையை அங்கே காத்திருந்தபோது ஒரு பெரியவர் சொன்னார், நானும் முன்பே படித்திருக்கிறேன். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையில் இருந்தபோதே ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தியவர். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போய், அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகியவர். 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு 1976இல் 11 படுக்கையோடு இதைத் தொடங்கினார். காசு கொடுக்க முடிந்தவர் கொடுப்பதில் முடியாதவருக்கும் பார்ப்பது என்கிற ஏற்பாடு அப்போதிருந்து நடக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து "வேணாண்ணே" என்று சொன்ன என் அத்தை அந்தப் பாய் வரைக்கும் வந்து சேர்ந்தது எங்கள் தெரு ஆட்களால்தான். நோட்டோடு வந்தவர், சரத்தைத் தள்ளிப் பார்த்தவர், ஆட்டோ ஓட்டியவர், படி எண்ணியவன், குடம் சுமந்தவர். இதில் ஒருவர் விட்டிருந்தாலும் அத்தை வீட்டிலேயே இருந்திருப்பார்.

புதன்கிழமை பஸ் கொண்டுவந்து பள்ளி வாசலிலேயே இறக்கிவிட்டது. கறுப்புக் கண்ணாடி, சொட்டு மருந்து, எந்த மருந்தை எத்தனை தடவை போடவேண்டும் என்கிற சீட்டு. குழுத் தலைவி முதல் வாரம் தினமும் காட்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து "காலைச் சொட்டு போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அவருக்கு இதில் ஒரு காசு கிடையாது.

போக நினைக்கிறவர்களுக்கு இரண்டொரு விஷயம். காலையில் சாப்பிட்டுவிட்டே போங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை இருந்தால் அட்டையோடு கொண்டுபோங்கள். ஆதார் நகல், வீட்டுப் போன் நம்பர் எழுதிய தாள், மாற்றுத்துணி இரண்டு ஒரு பையில் முதல்நாளே போட்டு வையுங்கள். அறுவை தேவை என்று சொன்னால் அன்றைக்கே பஸ்ஸில் அனுப்பிவிடுங்கள், நாள் தள்ளாதீர்கள்.

ஒரு மாதம் கழித்து அதே பள்ளியில் மறுபரிசோதனை வைத்தார்கள். அத்தை அதிகாலையிலேயே எழுந்து இரண்டு முழம் மல்லி கட்டினார். இப்போது பூக்காரம்மா மறுபடியும் உதிரி நிறுத்துக் கொடுக்கிறார், கொஞ்சமாகத்தான். சரத்தை வாழையிலையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். பள்ளியில் துப்புரவு அக்காவைக் கண்டதும் ஒரு முழத்தைக் கிள்ளி அவர் தலையில் தானே வைத்துவிட்டார். "இவ்வளவு சின்னப் பிள்ளையா நீ? குரலை வச்சு என் வயசுன்னு நெனச்சேன்" என்றார். அப்புறம் வராந்தாப் படியில் நின்று ஒவ்வொரு பையன் முகமாகப் பார்த்தார். ஒவ்வொருவனையும் ஏதாவது பேசச் சொன்னார். தொண்டை கட்டிய குரல் எதுவும் இல்லை. அந்தப் பையனுக்கு அன்று தேர்வு என்றும், அடுத்த முகாம் ஆவணியில் என்றும் அவன் கூட்டாளி சொன்னான். அத்தையின் வலது கண்ணுக்கும் ஆவணிதான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.